ஒரு கல்லின் உயரம்

பெங்களூரில் எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. கோடை வந்துவிட்டால் ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். மேலே நான் ஹொஸ்கோட்டை தாலுகாவின் சிற்றூர் ஒன்றின் வரைபடத்தை விரித்து, மழைநீர் எங்கே நிற்க வேண்டும் என்று கோடு போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் எட்டு நடைக்கும் மேல். இந்தக் கணக்கைச் சொல்லி அந்த ஊர்க் கூட்டத்தில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். தட்டியவர்கள் விருந்தாளிக்கு மரியாதை செய்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

2001இல் உலக வங்கிக் கடனுதவியோடு சுஜலா என்ற நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் கோலார், தும்கூர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் தொடங்கிய பிறகு, இந்த வேலைக்குப் படித்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். எங்களுடையது அதில் சேராத சிறு நிறுவனம். நான் போன ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். பூவும் காய்கறியும் கிணற்றுப் பாசனத்தில். மேட்டில் மானாவாரிக் கேழ்வரகு, ஊடே அவரை.

அது செம்மண் பூமி. மழை அடித்ததும் மேல்மண் பொருக்குத் தட்டிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும். மே மாத இடிமழையோ, பல வயல்கள் உழவு காணாமல் கிடக்கும்போதே வந்துவிடுகிறது. எனவே சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் வரப்பு போட வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. நானும் எட்டு வரப்புகள் போட்டேன். சமமட்டக் கோட்டுக்கு யார் நிலம் என்ற கவலை கிடையாது. ஒருவர் வயலில் கோணலாக நுழைந்து அடுத்தவர் வயலில் வெளியேறும். இரு பக்கமும் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். அங்கே ஏர் மாடு திரும்ப முடியாது.

முதல் பெருமழையில் மூன்றாவது வரப்பு உடைந்தது. பள்ளமான இடத்தில் நீர் வெளியேற நான் வழி விடவில்லை. தேங்கியது, ததும்பியது, பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கீழ் வயல் ஓர் அம்மாவுடையது. விதைப்புக்கு முன் கொட்டி வைத்திருந்த எருக்குவியல் முழுவதும் ஓடைக்குப் போயிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. ஈரத்தில் ஒட்டியிருந்த ஒரு பிடி சாணித்தூளை எடுத்துக் காட்டினார். “மழை கொண்டுபோயிருந்தால் மழையோடு போயிற்று. இது நீங்கள் கட்டிக் கொண்டுபோனது, சார்.”

அன்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தவர் ஒரு பெரியவர். தோளில் மண்வெட்டி. அவருடைய வயலோரம் ஒரு பழைய வரப்பு. அதன் தாழ்ந்த முனையில் பட்டைக்கல் ஒன்று படுக்க வைக்கப்பட்டிருந்தது. “இதுதான் கோடி, மிஞ்சிய தண்ணீர் வழியும் வாய்” என்றார். எங்கள் பக்கத்திலும் ஏரி நிரம்பி வழிந்தால் ‘கோடி போகிறது’ என்றுதான் சொல்வோம். வயலுக்கும் கோடி உண்டு என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எந்த ஊர் என்று கேட்டார். காவேரிப்பட்டினம் பக்கம் என்றேன். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஹொஸ்கோட்டையைத் தொட்டு, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்குப் போவது அவருக்குத் தெரியும். “அப்படியானால் எங்கள் மண் உங்கள் அணையில்தான் இருக்கிறது, தம்பி. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.” ‘சார்’ போய்த் ‘தம்பி’ வந்ததில் எருக்குவியலின் பாரம் கொஞ்சம் குறைந்தது.

என் எட்டு வரப்புகளில் ஐந்து அடுத்த உழவிலேயே காணாமல் போயின. மீதியை நாங்களே கலைத்தோம். மறுபடி போட்டவை அவரவர் எல்லையை ஒட்டி. மட்டம் அவ்வளவு சுத்தமில்லை என்று அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். சுத்தமில்லைதான். ஆனால் எல்லையில் இருக்கும் வரப்பை யாரும் உழுவதில்லை. அதில் கொழுக்கட்டைப் புல் விதைத்தோம். பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகளில் அந்தப் புல்லுக்கு மதிப்பு வந்தது. மண் சரிந்த இடத்தைப் புல் அறுக்கப் போன பெண்களே மிதித்துச் சரிசெய்தார்கள். எங்கள் பராமரிப்புக் குழு, உள்ளதைச் சொன்னால், கூடியது இரண்டு முறை.

மறக்க முடியாதது கல் வைத்த ஒரு காலை. பங்காளிகள் இருவர், மேல் வயல் அண்ணனுக்கு, கீழ் வயல் தம்பிக்கு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையைப் பெரியவர். கோடிக்கல் உயரமாக இருந்தால் வண்டல் அண்ணன் வயலில் தங்கும், ஆனால் அவர் பயிர் இரண்டு நாள் தண்ணீரில் நிற்கும். தாழ்வாக இருந்தால் வண்டல் தம்பிக்கு. மண் அரிப்பு என்று நான் அறிக்கையில் எழுதிவந்தது, அங்கே ஒருவர் வயலின் செலவு, இன்னொருவர் வயலின் வரவு. பாட்டன் காலத்துப் பாகப்பிரிவினை வரை பேச்சு போய் வந்தது. ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, கேழ்வரகுக் களி வந்து, பகல் சாய்ந்த பிறகு கல் அரை விரல் கடை இறங்கியது. இருவருக்கும் திருப்தியில்லை, ஆனால் இருவரும் சேர்ந்துதான் கல்லைத் தூக்கி வைத்தார்கள்.

மாத அறிக்கைப் படிவத்தில் ‘கட்டிய வரப்பு, மீட்டரில்’ என்று ஒரு கட்டம் உண்டு. கோடிக்குக் கட்டம் இல்லை. அந்த நாளுக்கு நேராகப் பூஜ்ஜியம் எழுதி, குறிப்பு என்ற இடத்தில் ‘ஒரு கல்’ என்று சேர்த்தேன். ஒரு நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று மேலாளர் கேட்டார். குழாய் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.