எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும்?

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கிறேன். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய மாவட்டம். இங்கே பல வீடுகளில் அப்பா கட்டட வேலைக்கு ஓசூரிலோ பெங்களூரிலோ இருப்பார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைவது அம்மாதான், சில வீடுகளில் பாட்டி. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை என்று ஆணையில் இருக்கிறது. நடைமுறையில் என் நேரத்தில் பெரும்பகுதி தேடுவதற்கே போகிறது. இந்தப் பிள்ளைக்கு எங்கே என்ன உதவி கிடைக்கும், அது உண்மையிலேயே அங்கே நடக்கிறதா, இந்த அம்மா அங்கே போய்ச் சேர என்ன வழி என்று பார்ப்பது.

நம் ஊரில் இதற்கெல்லாம் வசதி எங்கே இருக்கிறது என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இலேயே தொடங்கிவிட்டது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிற ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013இல் வந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை அதில் பார்ப்பார்கள். அந்தக் குழு அனுப்பிவைக்கிற இடம் மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம். டி.இ.ஐ.சி. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அதுவும் பக்கத்துப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கிடைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை எங்களுக்கு அதைவிடப் பக்கம்.

சிக்கல் என்னவென்றால், ஒன்று சுகாதாரத் துறையிடம், ஒன்று பள்ளிக்கல்வித் துறையிடம், இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம் இருக்கிறது. ஒரே பிள்ளையை மூன்று துறையும் மூன்று பிள்ளையாகப் பார்க்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனி ஜெராக்ஸ், தனி நாள். இந்த மூன்றையும் ஒன்றாகக் கோப்பது யாருடைய வேலை என்று எந்த ஆணையிலும் இல்லை. கடைசியில் அது அந்த அம்மாவின் வேலையாகிவிடுகிறது.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். தொடக்கப் பள்ளிகளில் நடக்கிற 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள். இவன் அரும்பைத் தாண்டவே இல்லை. கரும்பலகையில் இருப்பதை நோட்டில் அச்சுப் போல எழுதுவான். அதனால் வகுப்பாசிரியருக்குக் கோபம். இவ்வளவு அழகாக எழுதுகிறவனுக்குப் படிக்க மட்டும் வலிக்குதா என்பார். "பொங்கல்" என்று எழுதி அவன் முன்னால் வைத்தேன். விரல் கொம்பின் மேல் போய் நின்றது. நகரவே இல்லை. கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது 'ப்' என்கிற ஒலியை. அப்புறம் பின்னால் ஒரு கால் வேறு. நான் கொம்பையும் காலையும் இரண்டு விரலால் மறைத்தேன். உடனே "ப" என்றான். கையை எடுத்ததும் மறுபடி மௌனம். அவன் எழுதியதெல்லாம் எழுத்தே இல்லை, பார்த்து வரைந்த படம். முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் இந்தத் தடுமாற்றம் இருக்கும். நான்காம் வகுப்பிலும் அப்படியே இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி ஒதுக்குவது அநியாயம்.

கற்றல் குறைபாடு என்று முடிவுக்கு வருவதற்கு முன் கண்ணையும் காதையும் பார்த்தாக வேண்டும். அவன் அம்மா என்னிடம் வருவதற்கு முன்பே, யாரோ சொன்னதை நம்பி ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். காது பரிசோதிப்பவர் அன்று வரும் நாள் இல்லை. வரிசையில் நின்று, ஓ.பி. சீட்டு வாங்கி, மதியம் வரை உட்கார்ந்து, "புதன்கிழமை வாங்க" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. ஆனால் எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போவது புறநகர்ப் பேருந்து. டிக்கெட், சாப்பாடு, போன கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அடுத்த புதன்கிழமை அந்த அம்மா ஏன் போகவில்லை என்பது புரியும். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கூட்டங்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மாவின் ஓ.பி. சீட்டுதான் கண் முன் நிற்கிறது. அதை அவர் பத்திரமாக மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருந்தார்.

என்னிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. அதில் முகவரியும் போன் நம்பரும் சின்னதாகத்தான் இருக்கும். பெரிதாக எழுதியிருப்பது வேறு விவரங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் போக வேண்டும், எந்த அறை, யாரைக் கேட்க வேண்டும், என்னென்ன காகிதம், எந்தப் பேருந்து, வரும் வழியில் பிள்ளைக்குச் சாப்பாடு எங்கே கிடைக்கும். பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் பெரும்பாலும் ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள். மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் அனுப்புவதற்கு முந்தின நாள் போன் செய்து, நாளைக்கு இருக்கிறீர்களா, லீவா, பயிற்சிக்கு எங்காவது போகிறீர்களா என்று கேட்டுவிடுவேன். பத்துப் பக்கத்துக்கு அச்சிட்ட உதவி மையங்களின் பட்டியலைவிட இந்த ஒரு போன் பெரியது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிற குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன். பயிற்சி தொடங்கச் சான்றிதழ் தேவையில்லை. கற்றல் குறைபாட்டுக்கு பொதுவாக 8 வயதுக்கு மேல்தான் சான்று கொடுப்பார்கள். அதுவரை காத்திருந்தால் படிக்கப் பழகுகிற வயதே போய்விடும். அந்தப் பையனுக்குச் சோதனை முடிவு வருவதற்கு முன்பே கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் வெவ்வேறு நிற அட்டையில் வெட்டி, ஒலியைச் சொல்லிச் சேர்க்கப் பழக்க ஆரம்பித்துவிட்டோம். அவன் வகுப்பாசிரியரும் பிறகு அதே அட்டைகளை வகுப்பில் வைத்துக்கொண்டார்.

சான்று தேவைப்படுவது தேர்வுக்கு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதித் தர ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. ஆனால் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும். மார்ச்சில் தேர்வை வைத்துக்கொண்டு பிப்ரவரியில் ஓடி வருவார்கள். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே பேச்சை எடுக்கச் சொல்லித் தலைமையாசிரியர்களிடம் கெஞ்சாத குறையாகக் கேட்கிறேன்.

அம்மாக்களைப் பற்றிச் சொல்லாமல் பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும். ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பிள்ளையின் அம்மா ஒருவர். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தால் தலையாட்டுவார். வீட்டில் எதுவும் நடக்காது. ஒரு நாள் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது, "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கான் டீச்சர். நானும் தூங்கி எவ்வளவோ நாளாச்சு. இவனைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிடலாம்னு தோணுது" என்றார். எங்கயாவது என்றால் எங்கே என்று கேட்டேன். பதில் வரவில்லை. "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்காமல் விட்டால்தான் அவர்கள் அதைத் தனியாகச் சுமக்கிறார்கள். அவர் அழுதார், அப்புறம் பேசினார்.

அங்கிருந்தே 14416க்கு அழைத்தோம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் இருந்த பெண் முதலில் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. "நீங்க இன்னைக்குச் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாவின் தோள் அப்படியே தளர்ந்ததைப் பார்த்தேன். அந்த வாரமே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் நாளில் அவரையும் அவர் அக்காவையும் அனுப்பிவைத்தேன். மாத்திரை தொடங்கி, தூக்கம் வந்து, அக்கா வாரத்தில் இரண்டு நாள் பிள்ளையை வைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் வீட்டுப் பயிற்சி உண்மையில் நடந்தது. என் நோட்டில் ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது: தூங்குகிறாரா, கூட யார் இருக்கிறார்கள்.

மந்திரிக்கப் போகிறோம் என்று சொல்பவர்களை நான் தடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை அங்கே போங்கள், புதன்கிழமை இங்கே வாருங்கள் என்பேன். வலிப்பு மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்பதில் கறாராக இருப்பேன். நான் உண்மையில் பயப்படுவது செல்போனில் வரும் விளம்பரங்களைப் பார்த்துத்தான். ஸ்டெம் செல் போட்டு ஆட்டிசத்தைக் குணமாக்குவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நிலத்தை அடகு வைக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்ட அப்பா உண்டு. ஆட்டிசத்துக்கு அப்படி ஒரு சிகிச்சை இங்கே அங்கீகரிக்கப்படவில்லை; ஆராய்ச்சிக்கு வெளியே அதைச் செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. குணமாக்கித் தருகிறேன் என்று உறுதி கொடுத்தாலே எழுந்து வந்துவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தனியார் தெரபி மையத்துக்குப் போகிறவர்கள், அங்கே இருப்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று கேட்க வேண்டும். அவருக்கு சி.ஆர்.ஆர். எண் என்கிற பதிவு எண் இருக்கும். கேட்டால் முறைக்கிற இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

இப்போது எனக்கு அதிகம் கவலை தருவது 18 வயது. ஆர்.பி.எஸ்.கே., டி.இ.ஐ.சி., பள்ளி எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கைவிட்டுப் போகும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 ஆனதும் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இருக்கிற மாவட்டக் குழுவிடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதே சட்டத்தின் கீழ் 1 லட்ச ரூபாய் வரை கிடைக்கிற நிராமயா மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. அரசு மாதாமாதம் தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாற்றுத்திறனாளிக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரே மாதத்தில் முடிகிற காரியம் இல்லை. அதனால் எங்கள் வட்டாரத்தில் 16 வயது முடிந்தவர்களின் பெயரை நோட்டின் பின்பக்கத்தில் தனியாக எழுதிக்கொண்டு வருகிறேன். அப்பாக்கள் ஊரில் இருக்கும் பொங்கல் விடுமுறையையொட்டி அவர்களை உட்காரவைத்துப் பேசுவதாக இருக்கிறோம். ஆதார், பிறப்புச் சான்று, யூ.டி.ஐ.டி. அட்டை என மூன்றையும் அன்றைக்கே எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஜெராக்ஸ் மட்டும் நாங்களே எடுத்துக்கொள்வோம்.