தங்கச்சி அளவெட்டியில் வாங்கிய வீடு

என் தங்கச்சி மல்லாகத்தில் பிறந்து மகாஜனாக் கல்லூரியில் படித்தவள். 1987 இல் கனடாவுக்குப் போனாள். அந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்தவுடன் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விட்டது. ஆக, சட்டத்தின்படி அவளுக்கு யாழ்ப்பாணம் வெளிநாடு. அம்மா அவளுக்கு எழுதிக்கொடுத்த காணி வயாவிளானில் இருந்தது. 1990 இல் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. வருடா வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து விடுதியில் அறை எடுத்துத் தங்கிச் சலித்துப்போய், ஒருநாள் வட்ஸ்அப்பில் சொன்னாள்: "அக்கா, லீவுக்கு வந்து நிக்க எங்களுக்கெண்டு ஒரு வீடு பாருங்கோ."

நான் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள். வெளிநாட்டிலிருந்து இங்கே வீடு வாங்க நினைக்கும் எத்தனையோ பேர் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகவே தங்கச்சியின் வீட்டுக் கதையை விபரமாக எழுதுகிறேன்.

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, இலங்கைக் குடியுரிமை இல்லாத ஒருவருக்குக் காணியை அறுதியாக, அதாவது முழு உரிமையோடு விற்று, எழுத முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், 99 வருடம் வரை. பெற்றோரின் சொத்து உரித்தாக வந்து சேர்ந்தால் அதற்குத் தடையில்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. இதைச் சொன்னவுடன் தங்கச்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அப்ப உங்கட பேரிலை எழுதுங்கோ அக்கா. உங்களை நம்பாமல் நான் ஆரை நம்பப் போறன்?"

"என்னை நம்பலாம். நான் செத்தால் அது என்ரை பிள்ளையளுக்குப் போகும். உன்ரை பிள்ளையள் வந்து கேக்கேக்கை அவை என்ன சொல்லுவினம் எண்டு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்தது. சில கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. பதிவகத்தின் பெரிய புத்தகங்களில் ஒரு காணியின் கதை முழுவதும் ஒரே பக்கத்தில் ஏறும்: சீதனம், அறுதி, ஈடு (அடமானம்), ஈடு மீட்பு. அதற்குக் கீழே வழக்கு இலக்கம் ஏறும்போது வழக்குப் போட்டவர், எதிராளி இருவருக்கும் ஒரே தகப்பன் பெயரை நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அண்ணன் பெயரில் காசு அனுப்பிக் காணி வாங்கிய தம்பி, மச்சாளின் பெயரில் வீடு கட்டிய மச்சாள். அவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் ஒருவரையொருவர் நம்பியவர்கள்தான். அதோடு, சட்டத்தைச் சுற்றிப்போக இன்னொருவர் பெயரைப் போட்டுவிட்டு, பிறகு அதே சட்டத்திடம் போய் நியாயம் கேட்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இரட்டைக் குடியுரிமைதான் வழி என்று முடிவாயிற்று. 2011 இல் நிறுத்தி வைத்திருந்த அந்த ஏற்பாட்டை 2015 இல் திரும்பத் தொடங்கினார்கள். 55 வயதைத் தாண்டியவர்கள் அந்த வயதைக் காட்டியே விண்ணப்பிக்கலாம். தங்கச்சியும் அவள் மனுசனும் அந்த வகையில் விண்ணப்பித்தார்கள். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பொலிஸ் அறிக்கை என்று கடதாசி சேர்க்கவே காலம் போயிற்று. அந்தக் காலம் எனக்கு வீடு பார்க்க உதவியது.

முதலில் அவளுக்குக் கடற்கரை ஆசை. காரைநகரில் ஒரு வளவு, படம் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். போய்க் கிணற்றுத் தண்ணியை வாயில் விட்டேன், உப்பு. கடற்கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் ஒரு சுவர் எழுப்புவதானாலும் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி எடுக்கவேண்டும். அது வேண்டாம் என்றேன். அடுத்தது நல்லூரில், கோயிலுக்கு நடந்து போகக்கூடிய தூரம். விற்கிறவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு இருந்தது பிரிக்காத பங்கு மட்டும். மற்றப் பங்காளிகள் பாரிஸிலும் சூரிச்சிலும் சிட்னியிலும். வடக்கில் ஒரு காணி விற்கும்போது பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் வந்த அந்த உரிமையை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. எல்லாரிடமும் சம்மதம் வாங்காமல் எழுதினால், பிறகு ஒருவர் வந்து "எனக்குச் சொல்லாமல் வித்துப்போட்டினம்" என்று வழக்குப் போடலாம். தரகர் "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் வராது" என்றார். தரகுக் காசை வாங்கியதோடு அவர் போய்விடுவார். வழக்குக்கு நிற்பது தங்கச்சியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, அளவெட்டியில் கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட. செம்மண், முன்னுக்கு ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம், பின்னுக்குப் பனை, நடுவில் ஓட்டு வீடு. தூண் வைத்த விறாந்தை. கூரையில் பனை வளை இன்னும் கல்லுப்போல் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கறையான். வீடு ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபரின் மனைவிக்குச் சீதனமாக வந்தது. இருவரும் மகளோடு போய் இருக்கப் போகிறார்கள்.

பழைய உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், எல்லாவற்றையும் கட்டாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். இப்படி ஒரு வேலைக்கு இருப்பதுதான் எனக்குப் பிடித்தமான பொழுது. சீதன உறுதியில் தாயார் தனக்குச் சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமை, வைத்திருந்தார். அவர் காலமாகிவிட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மரணச் சான்றிதழ் உறுதியோடு இருக்கவேண்டும். சொத்து மனைவியுடையது என்பதால் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் விற்க முடியாது. அதை அறுதி உறுதியிலேயே சேர்த்தோம். உரித்தாளி என்ற முறையில் மகளின் சம்மதத்தையும் எழுதி வாங்கினேன். அந்தப் பிள்ளை, "ஏன் மாமி, நான் கேக்கவே போறன்?" என்றது. கேட்கமாட்டாள் என்று எனக்கும் தெரியும். ஆனால் கடதாசி பேசுகிற காலம் எல்லாரும் போன பிறகுதான் வரும்.

உறுதியில் 4 பரப்பு 6 குளி என்று இருந்தது. இது வரகுப் பரப்பு. 18 குளி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். நெற்பரப்பு என்றால் 12 குளிதான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதானால் ஒரு வரகுப் பரப்பு 10 பேர்ச். நில அளவையாளரைக் கொண்டு அளந்தபோது 4 பரப்பே முழுதாக வரவில்லை. முன்னுக்கு இருந்த ஒழுங்கையை அகலமாக்கியபோது ஊருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். புதிய படத்தின் அளவைத்தான் உறுதியில் எழுதுவித்தேன், விலையும் அதற்கேற்ப இறங்கியது. பழைய உறுதியைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு, இல்லாத நிலத்துக்குக் காசு கொடுத்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

பிறகு அந்த வரி: வடக்கு எல்லையிலுள்ள கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும். தங்கச்சிக்கு இதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது, "அப்ப கிணறு எங்கட இல்லையோ?" என்று கேட்டாள். உன்னுடையதும்தான், பக்கத்து இரண்டு வீட்டினுடையதும்தான் என்றேன். வேலியில் ஆள் நுழைந்து வர ஒரு பொட்டு (இடைவெளி) இருக்கிறது, அதால்தான் அவர்கள் தண்ணிக்கு வருவார்கள். அவள் மனுசன் வளவைச் சுற்றி ஆள் உயர மதில் கட்டும் திட்டத்தோடு இருந்தார். மதில் கட்டுங்கள், ஆனால் அந்த இடத்தில் ஒரு படலை வைத்துக் கட்டுங்கள் என்று சொன்னேன். உரிமை என்பது ஒருபுறம். வருடத்தில் பெரும்பகுதி நீங்கள் இல்லாதபோது கள்ளன் வந்தாலும், மழையில் ஓடு சரிந்தாலும் முதலில் காணப்போவது அந்தப் பொட்டால் வருகிறவர்கள்தான்.

தண்ணியைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே போடுவது விரைவாகக் கீழே இறங்கிவிடும். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. குடிதண்ணியில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்குமேல் போனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. இந்தக் கிணறு அந்த அளவுக்குள் இருந்தது. ஆனாலும் கிணற்றுக்கு அருகில் இருந்த பழைய குழியை மூடி, வளவின் மறுமூலையில் புதிதாகக் கட்டச் செய்தேன். வாங்குகிறவர்கள் தரைக்கு மாபிள் போடுவதற்கு முன்னால் இதைப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காசு விடயம் சுருக்கமாக. தங்கச்சி வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து, அதன் வழியாகவே முழுப் பணத்தையும் அனுப்பினாள். நாளைக்கு விற்றால் அந்தப் பணத்தைத் திரும்ப வெளியே கொண்டுபோக அதுதான் வழி. முத்திரைத் தீர்வை முதல் 1 லட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோம் என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். அது அரசாங்கத்தை ஏமாற்றுவது. அதோடு வங்கியில் வந்த தொகை ஒன்று, உறுதியில் உள்ள தொகை வேறொன்று என்றால் பணத்தை எடுக்கப் போகும் நாளில் என்ன பதில் சொல்வது? முழு விலையும் எழுதினோம். இரட்டைக் குடியுரிமை கிடைத்த பிறகு, தங்கச்சி வர முடியாததால், தன் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரமான அற்றோர்ணித் தத்துவத்தை எனக்குத் தந்து, அதையும் பதிவு செய்து, உறுதி எழுதும் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் அவளுக்காக நான் கையெழுத்து வைத்தேன். நொத்தாரிசு அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். நான் அதுவரை காத்திருக்காமல் மூலப் பிரதியை உடனே பதிவுக்குக் கொடுப்பித்தேன். முதலில் எழுதிய உறுதி பதியாமல் கிடக்க, அதே காணிக்கு இரண்டாவதாக எழுதியதை ஒருவர் முந்திப் பதிந்துவிட்டால், சட்டம் பெரும்பாலும் இரண்டாமவர் பக்கம் நிற்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நான் தங்கச்சியிடம் என் நிபந்தனையைச் சொன்னேன். இந்த வீட்டைப் பூட்டி வைக்கக்கூடாது.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் பூட்டிய வீடுகள் எத்தனை! புது மதில், இரும்புப் படலை, கமரா, உள்ளே இருட்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மாடியில் தண்ணி தேங்கி நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் படலை திறக்க ஆள் இல்லை. இன்னொரு பக்கம், தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் பிள்ளைகளும், வன்னியிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர்களும் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள். இங்கேயே உழைக்கும் ஒரு இளம் தம்பதிக்கு இரண்டு பரப்புக் காணி வாங்குவது இப்போது கனவாகிவிட்டது. விலையை ஏற்றியதில் டொலருக்கும் யூரோவுக்கும் பங்கு உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பனியில் நின்று உழைத்த காசு அது, ஊர் மீது உள்ள ஆசையில் வருவது. அந்த ஆசை ஊருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

தங்கச்சி யோசித்தாள். பிறகு சம்மதித்தாள். வீட்டின் ஒரு பாதி, இரண்டு அறையும் குசினியும், ஒரு தாதியின் குடும்பத்துக்கு. எழுத்தில் ஒப்பந்தம், வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பு, சிறிய வாடகை; ஆடி, ஆவணியில் மற்றப் பாதிக்குத் தங்கச்சி குடும்பம் வரும். பூட்டியே கிடந்த வீட்டுக்கு வருடா வருடம் பூச்சி மருந்து, பெயின்ற் என்று செலவழிக்கும் அயலவர்களைப் பார்க்கும்போது, விளக்கெரியும் இந்த வீட்டுக்கு அந்தச் செலவு பாதிகூட இல்லை.

போன ஆடியில் முழுக் குடும்பமும் சென்னை வழியாகப் பலாலிக்கு வந்து இறங்கியது. கொழும்பிலிருந்து இரவு முழுவதும் வான் வண்டியில் குந்தியிருந்து வரும் பாடு இல்லை. தங்கச்சியின் மகள் தாதியின் சின்ன மகளோடு கிணற்றடியில் தண்ணி அள்ளப் பழகினாள். "பெரியம்மா, இந்த வீடு பிறகு எனக்கோ தம்பிக்கோ?" என்று என்னிடம் கேட்டாள். அவள் கனடாவில் பிறந்தவள், வெளிநாட்டவள். ஆனால் தாய் தகப்பனின் உரித்தாக வருவதற்குத் தடை இல்லை என்று சொல்லி, மரணசாதனம் (உயில்) எழுதும்படி தங்கச்சியையும் மனுசனையும் நொத்தாரிசிடம் அனுப்பினேன். கலியாணத்துக்குப் பிறகு இருவரின் உழைப்பில் வாங்கியது, தேசவழமையில் இதைத் தேடிய தேட்டம் என்பார்கள். ஒருவர் மட்டும் எழுதினால் போதாது.

இப்போது தங்கச்சியின் மனுசன் பக்கத்துக் காணியையும் கேட்கிறார், இரண்டு பரப்பு, கார் நிறுத்த வசதியாக இருக்குமாம். அது கிணற்றுப் பங்காளி வீட்டுப் பிள்ளைக்குச் சீதனமாக எழுத வைத்திருக்கும் காணி. நல்ல விலை சொன்னால் அவர்கள் கொடுத்தும் விடுவார்கள், கடன் இருக்கிறது. விலை பேச நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரை ஒழுங்கையில் விடலாம், அகலமாகத்தானே இருக்கிறது.