சம்பானில் வந்த இருவர்

நேற்று ராத்திரி 'பேட் 21' படத்தை மறுபடியும் பார்த்தேன். 1988-ல் வந்தது. வியட்நாமில் விமானம் சுடப்பட்டு எதிரிப் படைக்கு நடுவே பாராசூட்டில் இறங்கிவிடும் வயதான அதிகாரியாக ஜீன் ஹேக்மேன், சின்ன விமானத்தில் மேலே சுற்றிச் சுற்றி வந்து வயர்லெஸ்ஸில் பேசியே அவருக்குத் தெம்பு கொடுப்பவராக டேனி குளோவர். பசி தாங்காமல் குடிசைக்குள் நுழைகிற ஹேக்மேன், அந்த வீட்டு ஆளையே கொல்ல நேர்ந்து உடைந்துபோகிற இடம் இந்தத் தடவையும் என்னை உலுக்கிவிட்டது. ஆகாயத்திலிருந்தே போரைப் பார்த்துப் பழகிய மனுஷனுக்கு, செத்தவனின் முகம் முதல்முறையாக அத்தனை கிட்டத்தில்.

இது நடந்த கதை. 1972 ஏப்ரல் 2, குவாங் திரி பகுதி. ஏவுகணை பட்ட இ.பி-66 விமானத்தில் இருந்த ஆறு பேரில், ஹேக்மேன் படத்தில் நடித்த அதிகாரியான ஐசியல் ஹாம்பிள்டன் மட்டும்தான் பிழைத்தார், அப்போது அவருக்கு வயது 53. வயர்லெஸ்ஸை எதிரியும் ஒட்டுக்கேட்பான் என்பதால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை அவர் முன்பு விளையாடிய கோல்ஃப் மைதானங்களில் ஒவ்வொரு குழியும் இருக்கும் திசையையும் தூரத்தையும் வைத்துச் சொன்னார்கள். ஆங்கிலம் தெரிந்தவனுக்குக்கூட அது புரியாது இல்லையா! அப்படியே ஆற்றங்கரை வரை அவரை நகர்த்தினார்கள். படத்திலும் இது அழகாக வந்திருக்கிறது.

ஆனால் மீட்பை மாற்றிவிட்டார்கள், எனக்கு ஆறாத வருத்தம் அதில்தான். படத்தில் குளோவரே ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். நிஜத்தில் ஹாம்பிள்டனை மீட்கும் முயற்சிகளில் 11 பேர் செத்தார்கள், ஏப்ரல் 6-ம் தேதி ஒரே ஹெலிகாப்டரில் மட்டும் ஆறு பேர். ஆகாய வழி இனி ஆகாது என்றான பிறகு தாமஸ் நாரிஸ் என்ற அமெரிக்கக் கடற்படை வீரர் தரைவழியாகப் போனார். கூட வந்த மற்றவர்கள் இதற்கு மேல் வர மாட்டோம் என்று நின்றுவிட, தென் வியட்நாம் கடற்படையைச் சேர்ந்த நுயென் வான் கியெட் மட்டும் அவரோடு போனார். மீனவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு இரண்டு பேரும் ராத்திரியில் சம்பான் என்கிற சின்ன மரப்படகில் மியூ ஜியாங் ஆற்றில் துடுப்புப் போட்டு, பதினோரு நாள் பட்டினியில் துவண்டு கிடந்தவரைக் கண்டுபிடித்து, படகின் அடியில் கிடத்தி இலைதழை போட்டு மூடி, வழியில் துப்பாக்கிச் சூட்டையும் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாரிஸுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர், கியெட்டுக்கு அமெரிக்கக் கடற்படையின் வீர விருதான நேவி கிராஸ். அந்தப் போரில் நேவி கிராஸ் பெற்ற ஒரே தென் வியட்நாம் கடற்படை வீரர் அவர்.

படத்தில் கியெட் இல்லவே இல்லை. வியட்நாம்காரர் என்று அதில் நம் மனதில் நிற்பது, குடிசையில் செத்துப்போகிற அந்த ஆள்தான். அந்தப் படகுக் காட்சிக்குப் பத்து நிமிஷமாவது ஒதுக்கியிருக்கலாம். துடுப்புச் சத்தமும் கரையில் எதிரிகள் பேசிக்கொள்வதும் மட்டும் கேட்டாலே போதும், நான் மூச்சுவிடாமல் பார்த்திருப்பேன்.