எங்கப்பாவை ராத்திரி சார்ஜ் போடுவாங்க, மிஸ்!

மதுரையில் ஒரு சிறிய நர்சரிப் பள்ளியில் 11 ஆண்டுகளாக யூகேஜி வகுப்பு எடுத்துவருகிறேன். ஜூன் மாதத்து அழுகையெல்லாம் ஓய்ந்து, பிள்ளைகள் தத்தம் டிபன் டப்பாவை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குத் தேறிய பிறகு, ‘என் குடும்பம்’ என்ற பாடம் வரும். புத்தகத்தில் அப்பா கையில் பெட்டியோடு அலுவலகம் போவார். அம்மா சேலை கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நிற்பார். அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, “உங்கப்பா என்ன வேலை பார்க்கிறாங்க? உங்கம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?” என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்பது என் வழக்கம். சுவையான பதில்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் ஆண்டிலேயே ஒரு பையன் எழுந்து, “எங்கப்பா ஆபீஸுக்குப் போயிச் சாப்பிடுவாரு” என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சற்றே கோபத்துடன், காலையில் அம்மா டப்பா நிறையச் சோறு கட்டிக் கொடுப்பதையும் சாயங்காலம் அந்த டப்பா காலியாகத் திரும்பி வருவதையும் எனக்கு விளக்கினான். யோசித்துப் பார்த்தால், அப்பாவின் அலுவலகத்தைப் பற்றி அவனிடம் இருந்த சான்று அது ஒன்றுதான்; அதிலிருந்து வேறு எந்த முடிவுக்கும் அவன் வந்திருக்க முடியாது.

இன்னொரு சிறுமி, “எங்கம்மா டிவி பார்ப்பாங்க, அதுக்குக் காசு குடுப்பாங்க” என்றாள். விசாரித்ததில், அம்மா மல்லிகை கட்டிக் கொடுப்பவர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர் மல்லிகை மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து உதிரிப்பூவாக வீட்டுக்கு வரும். அவர் தொலைக்காட்சிக்கு எதிரே கால் நீட்டி அமர்ந்து, ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காமல் முழம் முழமாகக் கட்டித் தள்ளுவார். பழகிய விரல்களுக்குக் கண்ணின் துணை தேவைப்படுவதில்லை. கண் போகும் திசையில்தான் வேலை நடக்கிறது என்று நம்பும் பிள்ளைக்கு, நாடகம் பார்ப்பதே அம்மாவின் தொழிலாகவும் பூக்கட்டுவது சும்மா கை பாட்டுக்குச் செய்வதாகவும் தெரிந்ததில் வியப்பில்லை.

பேருந்து நடத்துநரின் மகனோ, “எங்கப்பாதான் பஸ்ஸை ஓட்டுறாரு, டிரைவர் மாமா சும்மா முன்னாடி உட்கார்ந்திருப்பாரு” என்று அடித்துச் சொன்னான். ஒரு விசில் அடித்தால் பேருந்து நிற்கிறது, இரண்டு அடித்தால் கிளம்புகிறது. அவன் கண்ணால் கண்டது அதுதான். இதைக் கேட்ட நடத்துநர் அதை மறுக்கவேயில்லை.

நோட்டில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஒரு சிறுமியின் பதில். அவளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது தந்தை சவுதிக்குப் போய்விட்டார். “எங்கப்பா போன்ல இருக்காரு, மிஸ்” என்றாள். “போன்ல பேசுவாரா?” என்று திருத்த முயன்றேன். “இல்ல மிஸ், போன்லதான் இருக்காரு. ராத்திரி ஆனா அம்மா அவரைச் சார்ஜ் போடுவாங்க” என்றாள். அந்த ஆண்டு டிசம்பரில் விடுமுறைக்கு வந்தவர், மகளை அழைத்துப்போகத் தாமே பள்ளி வாசலில் வந்து நின்றார். அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிறகு மெல்ல எட்டிப் பார்த்து, அம்மாவிடம் போனைக் கேட்டு வாங்கி, அதற்குள் அப்பா இன்னும் இருக்கிறாரா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே 1920-களில் ஜெனீவாவில் குழந்தைகளிடம் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்தார். என்னைவிட ஒழுங்காகச் செய்தார். சூரியனும் மலையும் எப்படி வந்தன என்று கேட்டபோது, மனிதர்கள் செய்து வைத்தார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவ்வூர்ப் பெரிய ஏரியை ஆட்கள் தோண்டித் தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னவர்களும் உண்டு. பெரியவர்களால் ஆகாதது எதுவுமில்லை என்பது அந்த வயதின் உறுதியான நம்பிக்கை. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டபோது, “எங்கப்பாக்கிட்டச் சொல்லி நிறுத்தச் சொல்றேன்” என்று ஒருவன் எனக்கு ஆறுதல் சொன்னான். அவனுடைய அப்பா மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். மழைக்கு நின்றுபோகும் மின்சாரத்தை மீட்டுத் தருகிறவருக்கு மழையை நிறுத்தவா தெரியாது!

வீட்டில் இருக்கும் அம்மாக்களைப் பற்றிய பதில்தான் என்னைச் சற்று எரிச்சலூட்டும். “சும்மா இருக்காங்க” என்பார்கள். இது பிள்ளைகளின் சொந்தச் சரக்கு அன்று. சேர்க்கைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும் பெரியவர்களிடமிருந்து வந்தது. 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ‘சும்மா’ இருந்திருக்கிறார்கள்! ஆகவே நான் கேள்வியை மாற்றி, “காலையில எந்திரிச்சதும் அம்மா என்ன செய்வாங்க?” என்று கேட்கத் தொடங்கினேன். கேள்வி மாறியதும் பதில்கள் கொட்டின. பால் காய்ச்சுவாங்க, என்னை எழுப்புவாங்க, மறுபடியும் எழுப்புவாங்க, வைவாங்க, சட்னி அரைப்பாங்க, ஷூ தேடுவாங்க. “அப்பா?” என்றேன். “எங்கப்பா வண்டிச் சாவி எங்கன்னு கேட்பாரு, மிஸ். எங்கம்மா அங்கதான் இருக்குன்னு சொல்வாங்க” என்றான் ஒருவன். வேறு வேலை ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, நன்றாக யோசித்துவிட்டு, “கிடைச்சிருச்சும்பாரு” என்றான்.

மற்ற வீடுகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, என் வீட்டை மறைப்பது முறையாகாது. என் மகளும் எங்கள் பள்ளியில்தான் யூகேஜி படித்தாள், பக்கத்துப் பிரிவில். அந்த ஆசிரியை இதே கேள்வியைக் கேட்டபோது அவள் தயங்காமல், “எங்கம்மா யூகேஜி ஏ செக்‌ஷன்ல படிக்கிறாங்க” என்று சொல்லியிருக்கிறாள். நாள்தோறும் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக அவளுடனேயே கிளம்பி, மணி அடித்ததும் வகுப்புக்குள் போய், இரவில் நோட்டும் சிவப்புப் பேனாவுமாக உட்காருகிறவளை வேறு என்னவென்று அவள் நினைப்பாள்? மறு ஆண்டு அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போன முதல் நாள், நான் பழைய அறைக்குள்ளேயே நுழைவதைப் பார்த்து வாசலில் நின்றுவிட்டாள். எட்டாம் வகுப்புவரை யாரையும் பெயிலாக்காத ஊரில் அம்மாவுக்கு மட்டும் இப்படி நேர்ந்துவிட்டதே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. அருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அடுத்த வருஷம் பாஸாயிருவம்மா” என்றாள்.