கொட்டியாரக் குடாவை வைத்துப் பாடம் தெரிதல்

ஜூன் 1, 2025, ஞாயிறு

நான் படிக்கப்போகும் கனடாப் பல்கலைக்கழகத்திலிருந்து பாடப்பட்டியல் வந்துவிட்டது. சர்வதேச அபிவிருத்திக் கற்கைக்குக் கட்டாயப் பாடங்கள் கொஞ்சம்தான். மிச்சத்தைப் பொருளியல், மானிடவியல், புவியியல், சட்டம், பொதுச் சுகாதாரம் என்று பிற துறைகளிலிருந்து நாமே எடுக்க வேண்டும். பெயர்களைப் பார்த்தால் எல்லாமே வேண்டும் போலிருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஒவ்வொரு அறிமுகப் பாடம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து வீட்டு வாசலை மிதித்துவிட்டு ஒரு வீட்டுக்குள்ளும் போகாத கதையாகிவிடும்.

ஜூன் 3, செவ்வாய்

திருகோணமலை உவர்மலையில் புவியியல் சேரைப் போய்ப் பார்த்தேன். "பட்டியலை மூடிவை பிள்ளை. ஒரு இடத்தை எடு. அதை விளங்க என்னென்ன தெரிய வேணும் எண்டு எழுதிப் பார்" என்றார்.

கொட்டியாரக் குடாவை எடுத்தேன். மகாவலி கடலில் விழும் இடம். அணைகள் கட்டி, நீர்ப்பாசனமும் மின்சாரமும் தரும் மகாவலி அபிவிருத்தியை, 30 ஆண்டுத் திட்டமாக இருந்ததை, 1977க்குப் பிறகு 6 ஆண்டுக்குள் முடிக்கத் துரிதப்படுத்தினார்கள். அணைகளுக்கு வெளிநாடுகள் உதவின: விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. நான் படிக்கப்போகும் நாடும் இதில் இருக்கிறது! அணையைக் கட்டியது பொறியியல். யாரை எங்கே குடியேற்றுவது என்பது அரசியல். புதுக் குடியேற்றங்களில் பரவிய மலேரியா பொதுச் சுகாதாரம். ஆற்றுநீர் மறிபட்டால் கழிமுகத்து மீனுக்கு என்னாகும் என்பது சூழலியல். எழுத எழுதத் தாள் நிறைந்தது.

ஜூன் 8, ஞாயிறு

குடாக்கரையில் இருக்கும் சம்பூருக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபோது, 2009இல் சவூதி நிதியுதவியில் திறந்த பாலம் இது என்பதை இன்றைக்குத்தான் பாடமாக யோசித்தேன்.

2006இல் போரால் சம்பூர் முழுவதும் இடம்பெயர்ந்தது. பெரியம்மா ஆண்டுக்கணக்காகக் கிளிவெட்டி முகாமில் இருந்தார். அதற்கிடையில் ஊர்க்காணியில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள், 818 ஏக்கரில் கைத்தொழில் வலயம் என்றார்கள். 2015இல் வலயத்துக்கு எடுத்த காணி விடுவிக்கப்பட்டது, 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இந்த ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்க விழா நடந்திருக்கிறது.

நான் பாடங்களின் பெயரை வாசிக்கப் பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உன்ட படிப்பில காணிச் சட்டம் இருக்கா மகள்?"

பெரிய திட்டம் வந்தால் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், கருத்துச் சொல்ல 30 நாள். தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் தந்த உரிமை அது. ஆனால் மின்நிலையம் வெளியேற்றும் நீரின் வெப்ப அட்டவணையை வாசிக்கத் தெரிந்தவருக்கு மீனவர் முற்றத்தில் இருந்து பேசத் தெரியாது. பேசத் தெரிந்தவருக்கு அட்டவணை விளங்காது. இரண்டும் தெரிந்த ஒருத்தி அந்த 30 நாளுக்குள் வேண்டும். பல துறைப் படிப்பு என்றால் எனக்கு அதுதான்.

ஜூன் 11, புதன்

"பொருளியலை மட்டும் ஆழமாப் படி. மற்றதெல்லாம் வாசிச்சுத் தெரிஞ்சுகொள்ளலாம்" என்கிறார் அண்ணா. பாதி சரி. 1990இல், வருமானத்தோடு கல்வியையும் ஆயுளையும் சேர்த்து நாடுகளை அளக்கும் மனித அபிவிருத்திச் சுட்டியை உருவாக்கிய மஹ்பூப் உல் ஹக்கும் அவரோடு நின்ற அமர்த்தியா சென்னும் பொருளியலாளர்கள்தான். வருமானம் குறைந்தும் எழுத்தறிவிலும் ஆயுளிலும் முன்னுக்கு நின்ற நாடு என்று அவர்கள் காட்டும் உதாரணங்களில் இலங்கையும் ஒன்று. பொருளியலை விடமாட்டேன். அது தனியே போதாது, அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

முடிவாகிவிட்டது. முதலாண்டில் பொருளியலும் புள்ளிவிபரவியலும். பிறகு, இடம் சார்ந்த தரவைக் கணினி வரைபடத்தில் ஆராயும் புவியியல் தகவல் முறைமை. அதற்குப் புள்ளிவிபரவியல் முன்தேவை என்று விதியிலேயே இருக்கிறது, ஒழுங்கு மாறினால் ஓராண்டு போய்விடும். மூன்றாமாண்டில் காணியும் சூழலும் சார்ந்த சட்டப் பாடம், கூடவே களவேலை உள்ள மானிடவியல். தலைமைத்துவம், உலகமயமாக்கல் அறிமுகம் இரண்டையும் வெட்டிவிட்டேன்.

பட்டியலில் இல்லாத ஒன்றும் வேண்டும்: சிங்களம். கொழும்பில் இருக்கும் கோப்புகளை நானே வாசிக்க வேண்டும். திங்கட்கிழமை வகுப்புத் தொடங்குகிறது. உயர்தரத்தில் கலைப்பிரிவு என்பதால் கணிதம் விட்டு நாளாயிற்று. தங்கச்சியின் சாதாரண தரக் கணிதப் புத்தகத்தை இரவல் வாங்கி, நிகழ்தகவு அத்தியாயத்தில் தொடங்கியிருக்கிறேன்.