குல்மார்க் போகிறவர்களுக்கு: வாடகைக் கடையில் அகல ஸ்கீயைத் தலையில் கட்டினால் எடுக்காதீர்கள்

காலில் ஸ்கீ என்ற நீளப் பலகையை மாட்டிப் பனியில் சறுக்கும் காஷ்மீர் மலையூர் குல்மார்க்கிலிருந்து டெல்லி வந்து இறங்கிய சூட்டோடு எழுதுகிறேன். விமானம், ஸ்ரீநகர் ஹோட்டல் எல்லாம் வழக்கம்போலத்தான், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

குல்மார்க் மலைக்குக் கீழே இருக்கும் டாங்மார்க்கைத்தான் முதலில் சொல்லணும். பனி கொட்டிய நாளில் ஸ்ரீநகர் டாக்ஸி அங்கேயே நின்றுவிடும், மேலே உள்ள 13 கிலோமீட்டருக்கு டயரில் சங்கிலி மாட்டிய வண்டி வேண்டும். அதற்கு ஒருத்தர் வாய் கூசாமல் 4,000 ரூபாய் கேட்டார். கூட வந்த மச்சான் டெல்லி ஆர்.கே.புரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், கரோல்பாக் கடைக்காரர்களையே இந்தியில் மடக்குகிறவர், அவராலும் 2,500க்குக் கீழே இறக்க முடியவில்லை. கொட்டுகிற பனியில் மூட்டை முடிச்சோடு நிற்பவர்களிடம் இப்படிப் பிடுங்குவது அநியாயம். காலையில் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஷேர் சுமோ கிடைக்கும், பட்ஜெட் பார்க்கிறவர்கள் அதைத்தான் பிடிக்கணும்.

அடுத்த எரிச்சல் வாடகைக் கடை. குல்மார்க் என்றாலே பவுடர் பனிக்கு, அதாவது மாவு மாதிரி உதிரியான புதுப்பனிக்குப் பேர் போன இடம், அதனால் யார் போனாலும் நடுப்பகுதியே 100 மில்லிமீட்டரைத் தாண்டும் அகலமான, கனமான ஸ்கீயை எடுத்து நீட்டுகிறார்கள். கொண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் அபர்வத் மலையின் புதுப்பனியில் இறங்குகிறவர்களுக்கு அது சரி, பனிக்குள் புதையாமல் மிதக்கும். ஆனால் நாங்கள் போனது முதல் கட்டம் முடியும் கொங்டோரிக்கு, இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்திய சரிவுக்கு. அங்கே அந்த அகலம் வெறும் சுமை. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்ப்பது கட்டைவண்டியைத் திருப்புகிற மாதிரி இருந்தது, மதியத்துக்குள் தொடை இரண்டும் கடுத்துவிட்டது. இதற்கு நாள் வாடகை 1,500 ரூபாய்!

மறுநாள் வேறு கடைக்குப் போனோம். மூலையில் சாத்தி வைத்திருந்த ஒரு கார்விங் ஸ்கீயை எங்கள் பயிற்சியாளர்தான் எடுத்துக் காட்டினார். அதன் மேல் 118-70-102 என்று அச்சடித்திருந்தது, பக்கத்தில் ஆர் 13. முதல் மூன்று எண்ணும் முனை, நடு, வால் மூன்றின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் 13 என்பது, நடுவில் ஒடுங்கும் அந்த இடுப்பு வளைவை நீட்டினால் வரும் வட்டத்தின் ஆரம், 13 மீட்டர். ஸ்கீயைச் சாய்த்து எடை கொடுத்தால் அது அந்த வளைவிலேயே தானாகத் திரும்பும், கார்விங் என்பது அவ்வளவுதான். அப்புறம் அவர் கட்டைவிரல் நகத்தின் முதுகை இரும்பு விளிம்புக்குக் குறுக்கே இழுத்தார். நகத்திலிருந்து வெள்ளையாகத் துகள் சீவி வந்தது. அப்படி வந்தால் விளிம்பு கூர்மை, வராவிட்டால் அந்த ஜோடியைத் தொடாதே என்றார்.

கையில் தூக்கியபோதே வித்தியாசம் தெரிந்தது. உள்ளே பாலோனியா மரம், அதன்மேல் கார்பன் பட்டை, அதனால்தான் அந்த லேசு. 3,000 மீட்டருக்கு மேல் மூச்சு வாங்கும்போது ஸ்கீயைத் தோளில் போட்டு நடக்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. சரிவில் இறங்கினால் அதைவிடச் சந்தோஷம்! முழங்காலை லேசாக உள்ளே தள்ளினாலே போதும், பனியில் இரண்டு மெல்லிய கோடு விழுந்து, சறுக்கல் இல்லாமல் அப்படியே வளைந்து போகிறது. சேர் லிஃப்டில் ஏறுவதும் இறங்குவதுமாக, லிஃப்டை மூடும் வரை நான் நிறுத்தவே இல்லை, மச்சான் கீழே கஹ்வா என்ற காஷ்மீர் டீயைக் குடித்தபடி கத்திக் கத்திக் கூப்பிட்டார்.

லேசான ஸ்கீக்குக் குறையும் உண்டு. விடிகாலையில் சரிவு கண்ணாடியாக இறுகியிருக்கும், அப்போது வேகம் பிடித்தால் முனை படபடவென்று அதிர்கிறது. அதை அடக்கத்தான் டைட்டனால் தகடு வைக்கிறார்கள் (பேரைப் பார்த்து டைட்டானியம் என்று நினைக்க வேண்டாம், அது அலுமினியக் கலவை), தகடு வைத்தால் எடை கூடும். வேகப் பிரியர்கள் தகடு உள்ளதை எடுக்கட்டும். கொஞ்ச நேரம் சரிவு, கொஞ்ச நேரம் ஓரத்துப் பனி என்று இரண்டும் வேண்டுமென்றால் நடு அகலம் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை, முனை சற்றே மேலே தூக்கிய ஆல் மவுண்டன் ஸ்கீ போதும். சமன்படுத்திய சரிவிலேயே இறங்கும் நம் மாதிரி ஆட்களுக்கு 70 பக்கம்தான் என்பேன்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. டாங்மார்க்கில் ஒரு சின்னக் கடையில் நத்ரு யக்னி. ஊரில் வற்றலாகப் பொரித்தே பார்த்த தாமரைத் தண்டு, தயிர்க் குழம்பில் சோம்பு மணத்தோடு, சுடு சோற்றின் மேல். குல்மார்க் ஹோட்டலில் கொடுத்த ஆறிய நூடுல்ஸுக்கு அழுத காசில் இங்கே இரண்டு பேர் வயிறு நிறைய சாப்பிட்டோம்.

சொந்தமாக ஸ்கீ வாங்கலாமா என்று மச்சான் வழியெல்லாம் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான், பைண்டிங்கோடு (பூட்டை ஸ்கீயில் மாட்டும் கொக்கி) லேசான ஜோடியே ஐந்து கிலோ பக்கம் வரும், பூட் மூன்று நான்கு கிலோ, மிச்சத்தில் கம்பளித் துணியை எங்கே வைப்பது? முதலில் காலுக்குச் சரியான பூட் வாங்குங்கள், ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள், எண்ணைப் படித்து, நகத்தால் சீவிப் பார்த்து. கொண்டோலா டிக்கெட்டை மட்டும் டெல்லியிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், சீசனில் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கிடைக்காது.