டெர்மினேட்டர் 3: சறுக்கிய இடமும் நிமிர்ந்த இடமும்

எதிர்காலத்திலிருந்து வரும் இயந்திரம் அம்மணமாகத்தான் வந்து இறங்கும். உயிருள்ள சதை போர்த்தாத எதையும் காலத்தினூடே அனுப்ப முடியாது என்பது 1984-ல் ஜேம்ஸ் கேமரூன் போட்ட விதி. அதனால் வந்து இறங்கியதும் அதற்கு முதல் வேலை துணி தேடுவது. இந்த ஒரே வேலை முதல் மூன்று படங்களிலும் எப்படி நடக்கிறது என்று அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தாலே மூன்றாம் பாகத்தின் கோளாறு பாதி பிடிபட்டுவிடும்.

முதல் படத்தில் லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் வானாய்வகத்துக்கு வெளியே மூன்று ரவுடிப் பையன்கள் நிற்கிறார்கள். துணியைக் கொடு என்கிறது இயந்திரம். ஒருவன் கத்தியால் குத்துகிறான். அவன் மார்புக்குள் கையை விட்டு உருவி எடுக்கிறது. மிச்சமிருப்பவன் நடுங்கிக்கொண்டே சட்டையைக் கழற்றுகிறான். அவ்வளவுதான் காட்சி. இந்த ஊரில் இதைத் தடுக்க ஆளில்லை என்பது அந்த நிமிடமே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

1991-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே வேலை பைக் ஓட்டிகள் கூடும் ஒரு பாரில் நடக்கிறது. இங்கே சிரிப்பு வருகிறது. கூடவே ஒருவன் சமையலறை அடுப்பின்மேல் போய் விழுந்து கை வேகிறான், இன்னொருவன் கத்தியோடு மேஜையில் அறையப்படுகிறான். யாரும் சாகவில்லை என்பதை முதல் தடவை பார்க்கும்போது கவனிக்க மாட்டோம். இந்த முறை வந்திருப்பது கொல்ல வந்த இயந்திரம் அல்ல என்பதற்கான தடயம் அது. சிரிப்புக்குப் பின்னால் ஒரு தகவலை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

2003-ல் ஜொனாதன் மோஸ்டோ இயக்கிய மூன்றாம் பாகத்தில் அது பெண்களுக்கான ஆட்ட இரவு நடக்கும் ஒரு பார். மேடையில் ஆடுபவனின் தோல் உடையைப் பறித்துக்கொண்டு இயந்திரம் வெளியே வருகிறது, பையிலிருந்து எடுத்துப் போடும் கறுப்புக் கண்ணாடி நட்சத்திர வடிவத்தில் இருக்கிறது. காட்சி சிரிக்க மட்டும்தான் வைக்கிறது. இயந்திரத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிவதில்லை, பயமும் இல்லை. இரண்டாம் பாகத்தின் நகைச்சுவையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் அடியில் இருந்த காரணத்தை விட்டுவிட்டார்கள். படத்தின் முதல் ஒரு மணி நேரம் முழுக்க இதுதான் சிக்கல்.

ஒப்பிட உட்காருவதற்கு முன் இரண்டாம் பாகத்தின் எந்த வடிவத்தைப் பார்க்கிறோம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. தியேட்டருக்கு வந்தது 137 நிமிடம். பின்னால் வந்த சிறப்புப் பதிப்பு அதைவிடக் கால் மணி நேரம் நீளம். அதில்தான் இயந்திரத்தின் தலையைத் திறந்து சிப்பை வெளியே எடுக்கும் காட்சி இருக்கிறது. எதிர்காலத்தில் மனித இனத்தை அழிக்க முனையும் கணினியான ஸ்கைநெட் தன் இயந்திரங்களைத் தனியாக அனுப்பும்போது புதிதாகக் கற்கும் திறனைப் பூட்டித்தான் அனுப்பும், அந்தப் பூட்டைத் திறக்கத்தான் சிப்பை எடுக்கிறார்கள். (அந்தக் காட்சியில் இருக்கும் கண்ணாடி உண்மையில் வெறும் சட்டம். இந்தப் பக்கம் இயந்திரமாக நடிக்கும் அர்னால்டின் பொம்மைத் தலை, அதைத் திறப்பவர் கதாநாயகி சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி. அந்தப் பக்கம் அசல் அர்னால்டும் லிண்டாவும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கையை அசைக்கிறார்கள்.) சாராவின் மகனும் எதிர்கால மனிதப் படையின் தலைவனாகப் போகிறவனுமான சிறுவன் ஜானோடு பழகி இயந்திரம் மாறுவதற்கு இந்தக் காட்சிதான் தெளிவான காரணம். மூன்றாம் பாகத்தில் அர்னால்டின் இயந்திரம் ஏன் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்ற கேள்வி, இந்தப் பதிப்பைப் பார்த்தவர்களைத்தான் அதிகம் உறுத்தும்.

அடுத்தது எதிரி. முதல் படத்துக்கு ஆன செலவு சுமார் 64 லட்சம் டாலர்தான். சதைக்குள் இருக்கும் முழு உலோக எலும்புக்கூட்டை நடக்கவிடக் காசும் கிடையாது, நுட்பமும் கிடையாது. சிறப்பு ஒப்பனைக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனின் பொம்மையும், சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷனும் சேர்ந்து கடைசிக் கட்டத்தில்தான் அதைக் காட்டுகின்றன. அதுவரை மனித முகமுள்ள ஒரு சுவர் நம்மைத் துரத்துகிறது. அது என்ன, எங்கிருந்து வந்தது என்ற விளக்கத்தையெல்லாம், சாராவைக் காப்பாற்ற எதிர்காலத்திலிருந்து வந்த கைல் ரீஸ் கார் ஓட்டிக்கொண்டும், வாகன நிறுத்தத்தில் பதுங்கிக்கொண்டும்தான் சொல்கிறான். விளக்கம் சொல்வதற்காகப் படம் ஓரிடத்திலும் நிற்பதில்லை. திரைக்கதை எழுதுபவர்கள் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் தனியாக எடுத்துப் படிக்கலாம்.

இரண்டாம் பாகத்தின் டி-1000 திரவ உலோகம். கணினி வரைகலை மொத்தத்தில் சுமார் 5 நிமிடம்தான் திரையில் வருகிறது. உடம்பில் குண்டு பட்டுப் பூப்போல விரிவது ஸ்டான் வின்ஸ்டன் குழு ரப்பரில் செய்து, விசை வைத்துச் சட்டைக்குள் மறைத்தது. கம்பிக் கதவுக்குள் அது நழுவிப் போகும் ஒலி, டப்பாவிலிருந்து நாய்த்தீனி வழுக்கி விழும் சத்தம். இந்த நுட்பங்களைவிட முக்கியமானது அதன் எல்லை. தொட்டதைப் போல மாறும், ஆனால் தன் அளவுள்ளதாகத்தான் மாறும். கத்தியாகும், ஈட்டியாகும், நகரும் பாகங்களும் வேதிப்பொருளும் உள்ள துப்பாக்கியாகவோ வெடிகுண்டாகவோ ஆகாது. படத்தின் ஆரம்பத்திலேயே அர்னால்ட் இதை ஜானிடம் சொல்லிவிடுகிறார். அதன்பின் ஒவ்வொரு சண்டையும் இந்த எல்லையைச் சுற்றித்தான் நடக்கிறது. குத்தினால் கை உள்ளே புதைகிறது, பலத்துக்குப் பயனில்லை. ஆகவே உறைய வைக்கிறார்கள், உடைக்கிறார்கள், கடைசியில் உருக்குகிறார்கள். (சதை போர்த்தாத இந்த உலோகம் எப்படிக் காலத்தைக் கடந்து வந்தது என்பது இரண்டாம் பாகத்தின் ஓட்டை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

மூன்றாம் பாகத்தின் டி-எக்ஸுக்கு உள்ளே எலும்புக்கூடு, மேலே திரவ உலோகம். கைக்குள்ளேயே ஆயுதங்கள். ஊசிபோல விரலை நுழைத்து மற்ற வாகனங்களைத் தானே ஓட்டும், ரத்தத்தை நாக்கில் தொட்டு யாருடையது என்று சொல்லிவிடும். கிறிஸ்டானா லோகன் முகத்தை அசைக்காமல் நன்றாகவே நடித்திருக்கிறார். பட்டியல் நீண்டதுதான் கெடுதல். எல்லாம் முடியும் என்கிற எதிரியிடம் பார்ப்பவர்களுக்குக் கணக்குப் போட எதுவும் மிஞ்சுவதில்லை; அடுத்து என்ன செய்யும் என்ற பதைப்புக்குப் பதிலாக, இதுவும் செய்யுமா என்ற கேள்விதான் வருகிறது.

கைச்சண்டையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். முதல் படத்தில் மனிதனும் இரும்பும் மோதுகின்றன, மனிதனுக்கு வலிக்கிறது. இரண்டாவதில் கனமும் நீர்மையும் மோதுகின்றன. மூன்றாவதில் கழிவறையில் கனமும் கனமும் மோதிக்கொள்கின்றன. சுவர் உடைகிறது, பீங்கான் சிதறுகிறது, இரண்டுக்கும் வலி இல்லை. உடைந்த ஓடுகளின் எண்ணிக்கை கூடுவதைத் தவிர அங்கே நிலைமை மாறுவதே இல்லை.

இசையையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு படங்களுக்கும் பிராட் ஃபீடல். அந்த இரும்படித் தாளத்தின் கணக்கு 13/16. காது அடுத்த அடியை எதிர்பார்க்கும் இடத்தில் அடி விழாது. வாணலியைத் தட்டி எடுத்த ஓசை அது. மூன்றாவதில் மார்கோ பெல்ட்ராமி நல்ல இசைக்குழு இசை தந்திருக்கிறார், ஆனால் பழைய தீம் காதுக்குக் கிடைப்பது படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான். துரத்தல் காட்சிகளில் ஏதோ குறைகிறது என்று தோன்றுவதற்கு இது பெரிய காரணம்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த கிரேன் துரத்தல் ஒன்று இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. டி-எக்ஸ் ஒரு பிரம்மாண்டமான கிரேன் லாரியை ஓட்டுகிறது. ஓட்டுநர் இல்லாத போலீஸ் கார்களும் ஆம்புலன்ஸும் முன்னால் பாய்ந்து, ஜான் இருக்கும் கால்நடை மருத்துவ வேனை மறிக்கின்றன. கிரேனின் கை பக்கவாட்டில் திரும்ப, கொக்கியில் அர்னால்ட் தொங்குகிறார். தெருவோரக் கட்டடங்களைக் கிழித்துக்கொண்டு அது போகிறது. பெரும்பகுதி நிஜ வாகனம், நிஜ உடைப்பு. இரண்டாம் பாகத்தின் வறண்ட கால்வாய்த் துரத்தலில் பெரிய லாரி, சின்ன பைக், இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர், தப்ப வழியில்லை என்பது ஒரே பார்வையில் விளங்கும். கிரேன் காட்சியில் அந்தத் தெளிவு கொஞ்சம் குறைவு, எடை அதிகம். இரும்பின் எடையைத் திரையில் உணரவைப்பதில் இதற்குப் பிறகு வந்த மூன்று பாகங்களும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை என்பது என் கணிப்பு.

நிக் ஸ்டால் நடித்த ஜான் கானரைப் பலர் ஏற்கவில்லை. வீடு கிடையாது, போன் கிடையாது, எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. கூலி வேலை செய்துகொண்டு ஊர் ஊராகத் திரிகிறான். 1997 ஆகஸ்ட் 29-ல் உலகம் அழியும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன், அந்த நாள் ஒன்றும் நடக்காமல் போனபிறகு வேறு எப்படி இருப்பான்? அந்த எழுத்து சரியாகத்தான் இருக்கிறது. வயதில் மட்டும் கவனமில்லை. இரண்டாம் பாகத்தில் 10 வயதுப் பையன், மூன்றாவதில் அந்தச் சம்பவத்தின்போது தனக்கு 13 வயது என்கிறான். சாரா இல்லாத குறை வேறு. ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டாள் என்று ஓரிரு வரியில் முடிக்கிறார்கள். அந்த நாள் கடக்கும்வரை அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்ற ஒரு தகவல் மட்டும் அந்தக் கதாபாத்திரத்துக்குச் செய்த மரியாதை.

இனி முடிவுக்கு வரலாம். இந்தப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மூன்றாம் பாகத்தை இரண்டாவதோடு மட்டும் ஒப்பிட்டால் அது துரோகம்போலத் தெரியும். விதி என்று ஒன்று இல்லை, நாம் செய்வதுதான் என்று அம்மாவும் மகனும் ரத்தம் சிந்தி நிறுவிய கதையை, பேரழிவு தள்ளித்தான் போனது, தவறவில்லை என்று ஒரே அடியில் மாற்றிவிடுகிறது. ஆனால் முதல் படத்தை எடுத்துப் பாருங்கள். ஜானின் அப்பா கைல்; கைலை அனுப்பியவன் ஜான். சாராவின் புகைப்படத்தைப் பார்த்து மயங்கித்தான் கைல் வருகிறான். அவனை நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் புகைப்படமே எடுக்கப்படுகிறது. அது மூடிய வட்டம். மாற்ற முடிந்தால் ஜானே பிறந்திருக்க மாட்டான். வட்டத்தை உடைத்தது இரண்டாம் பாகம். மூன்றாம் பாகம் திரும்பவும் மூடுகிறது, அவ்வளவுதான்.

மூடிய விதமும் நேர்மையானது. நாடு முழுக்கக் கணினிகளில் ஒரு வைரஸ் பரவுகிறது. அதை ஒழிக்க ஸ்கைநெட்டைத் திறந்துவிடச் சொல்லி ராணுவ ஜெனரலை மேலிடம் நெருக்குகிறது. திறக்கிறார். வைரஸே ஸ்கைநெட்தான். 1984-ல் ஸ்கைநெட் ஒரு ராணுவக் கணினி, குண்டு வைத்தால் போய்விடும் என்று நம்பலாம். 2003-ல் அது வீட்டு மேஜைகளிலும் அலுவலகங்களிலும் பரவிய மென்பொருள். தகர்ப்பதற்கு மையம் என்று ஒன்று கிடையாது. பேரழிவு தவிர்க்க முடியாதது என்று அர்னால்டின் இயந்திரம் நடுவிலேயே சொல்லிவிடுகிறது. ஜானும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஸ்கைநெட்டின் மையத்தைத் தகர்க்கலாம் என்று நம்பி மலைக்குள் போகிறவர்களைக் காப்பாற்ற அது கடைசியாகச் செய்வதும் முன்கூட்டியே விதைத்ததுதான்: பழுதான ஹைட்ரஜன் மின்கலத்தைப் பாதி வழியில் வெளியே வீசியபோது எழுந்த வெடிப்பை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்; மிச்சமிருக்கும் ஒன்றைத்தான் டி-எக்ஸின் வாயில் திணிக்கிறது.

உள்ளே ஸ்கைநெட் இல்லை. பல பத்தாண்டுப் பழைய கருவிகள், தூசி, ஒரு பதுங்கு அறை. அவர்களை உயிரோடு அங்கே கொண்டுசேர்ப்பது மட்டும்தான் இயந்திரத்துக்கு இடப்பட்ட பணி. இருபது கோடி டாலருக்கு நெருக்கமாகச் செலவழித்த ஒரு கோடைக்காலப் படம், கதாநாயகன் தோற்று உட்கார்ந்திருக்க, வெளியே ஏவுகணைகள் எழும்ப முடிகிறது.

2015-ல் வந்ததும் 2019-ல் வந்ததும் மூன்றாம் பாகம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டன. 2019 படம் கேமரூனைத் தயாரிப்பாளராகவும் லிண்டா ஹாமில்டனைத் திரையிலும் திரும்பக் கொண்டுவந்தது. ஜானை ஆரம்பத்திலேயே சாகவிட்டு, ஸ்கைநெட்டுக்குப் பதில் லீஜியன் என்று வேறொன்று எப்படியும் வந்துதான் தீரும் என்றது. மூன்றாம் பாகம் சொன்ன அதே எண்ணம்தான், பதினாறு வருடம் கழித்து.

மறுபடி பார்க்க நேரமிருந்தால் இப்படிச் செய்யுங்கள். மூன்றாம் பாகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு உடனே முதல் படத்தின் கடைசிக் காட்சியைப் போடுங்கள். அங்கே பாலைவனப் பெட்ரோல் நிலையத்தில், வயிற்றில் பிள்ளையோடு, பிறக்காத மகனுக்காக டேப்பில் பேசிக்கொண்டிருக்கிறாள் சாரா. தூரத்தில் புயல் திரள்கிறது. இங்கே அந்த மகன் பழைய ரேடியோ மைக்கின் முன் குனிகிறான், மறுமுனையில் யாரோ இங்கே யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள், நான் என்கிறான்.